போர்டு ஓகே சொல்லும்... பெட்டி சொல்லுமா? கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

"அண்ணா, என் போர்டுக்கு இந்த கார்டு செட் ஆகுமா?"

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில், ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் கடை முன்னால் கொஞ்ச நேரம் நின்றாலே இந்தக் கேள்வி காதில் விழும். "எந்த போர்டுன்னாலும் செட் ஆகும் தம்பி, எடுத்துக்கோ" என்று பதிலும் வரும். விஷயம் என்னன்னா, அந்தப் பதில் பொய் கிடையாது. அதை மட்டும் நம்பிப் பணம் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால்தான் சிக்கல். கார்டு ஸ்லாட்டில் உட்காரும். ஆனால் பெட்டியின் கதவு மூடாது. இல்லையென்றால் கதவு மூடும், கரன்ட் கொடுக்க ஒயர் இருக்காது. ஒயரும் இருந்தால் ஸ்கிரீன் கறுப்பாகவே நிற்கும். பல மாதம் சேர்த்து வைத்த காசு, டப்பாவோடு டேபிள் மேல் உட்கார்ந்திருக்கும்.

மதர்போர்டு "முடியாது" என்று சொல்வது ரொம்ப அபூர்வம். 2004 வாக்கில் பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் கொண்ட போர்டுகள் கடைக்கு வந்ததிலிருந்து இன்றுவரை, அந்த ஸ்லாட்டின் வடிவம் மாறவே இல்லை. அதற்கு முன்பு இருந்த ஏ.ஜி.பி ஸ்லாட்டில் இன்றைய கார்டு எதுவும் நுழையாது. ஆனால் அந்தக் காலத்து மெஷினை யாரும் இன்று அப்கிரேடு செய்யப் போவதில்லை. எனவே "போர்டுக்கு செட் ஆகுமா" என்ற கேள்வியை, "என் மொத்த சிஸ்டத்துக்கும் செட் ஆகுமா" என்று மாற்றிக் கேட்க வேண்டும். 'நோ' சொல்லக்கூடிய ஆட்கள் போர்டைத் தவிர நாலு பேர் இருக்கிறார்கள்: கேபினட், எஸ்.எம்.பி.எஸ், பயாஸ், சில சமயம் மானிட்டர்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தக் கட்டுரை உங்களுக்கானது இல்லை. 2011 முதல் தமிழக அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் உட்பட, சாதாரண லேப்டாப்களில் இந்த கார்டைச் சொருக இடமே கிடையாது. தண்டர்போல்ட் போர்ட் இருக்கும் விலை உயர்ந்த மாடல்களில் வெளியே ஒரு பெட்டி வைத்து இணைக்க வழி உண்டு. அந்தப் பெட்டிக்கு ஆகும் செலவில் பழைய டெஸ்க்டாப்பே வாங்கிவிடலாம் என்பதுதான் யதார்த்தம்.

உங்க போர்டு பெயர் தெரியுமா?

பாதிப் பேருக்குத் தெரியாது. அதில் தப்பும் இல்லை. கீபோர்டில் விண்டோஸ் பட்டனையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சின்னக் கட்டத்தில் எம், எஸ், ஐ, என், எஃப், ஓ, 3, 2 என்று ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள். 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்ற திரை திறக்கும். அதில் 'பேஸ்போர்டு ப்ராடக்ட்' என்று ஒரு வரி இருக்கும். அதுதான் உங்கள் போர்டின் பெயர். டெல், ஹெச்.பி, லெனோவோ மாதிரி கம்பெனி டெஸ்க்டாப் என்றால் 'சிஸ்டம் மாடல்' வரிதான் முக்கியம். அதே திரையில் 'ப்ராசஸர்', 'பயாஸ் மோட்' என்ற வரிகளும் இருக்கும். மொத்தத்தையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

அடுத்து, பவர் ஒயரைக் கழற்றிவிட்டு கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைத் திறங்கள். போர்டில் படுக்கைவாட்டில், ஒன்பது சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளத்தில், ஓரத்தில் சின்ன லாக்கோடு ஒரு ஸ்லாட் இருக்கும். 'எக்ஸ் 16' என்பது இதுதான். நெட்டுக்குத்தாக இருக்கும் ரேம் ஸ்லாட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டு நீள ஸ்லாட் இருந்தால், ப்ராசஸருக்குப் பக்கத்தில் இருப்பதுதான் கிராபிக்ஸ் கார்டுக்கானது. கீழே இருப்பது பார்க்க அதே நீளம்தான், ஆனால் பல போர்டுகளில் உள்ளே கால்வாசிக்குத்தான் பின்கள் இருக்கும். மொபைல் டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும்.

எத்தனை லேன் ரோடு?

ஸ்லாட்டின் பெயரில் இருக்கும் 16 என்பது லேன் கணக்கு. ஹைவேயில் நாலு வழிச்சாலை, ஆறு வழிச்சாலை என்கிறோமே, அதே மாதிரி. 3.0, 4.0, 5.0 என்ற தலைமுறை எண், அந்த ரோட்டில் வண்டி எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதற்கான கணக்கு. 3.0-வில் ஒரு லேனுக்கு நொடிக்குக் கிட்டத்தட்ட 1 ஜி.பி. ஒவ்வொரு தலைமுறைக்கும் அது இரட்டிப்பாகும். புது கார்டைப் பழைய ஸ்லாட்டில் போடலாம், பழைய கார்டைப் புது ஸ்லாட்டிலும் போடலாம். இரண்டில் எது மெதுவோ அந்த வேகத்தில் ஓடும், அவ்ளோதான். "என்னது 3.0 போர்டு, கார்டு 4.0, வேலை செய்யாதா?" என்று பயப்படவே வேண்டாம்.

ஆனால் ஒரு இடத்தில் இது கடிக்கும். விலை குறைந்த கார்டுகள் பலவற்றில் 16 லேன் முழுசாக இருக்காது. தங்க நிற விளிம்பு நீளமாகவே இருந்தாலும், உள்ளே 8 அல்லது 4 லேன்தான் இணைத்திருப்பார்கள். ஆர்.டி.எக்ஸ் 4060-க்கு 8 லேன். ஏ.எம்.டி-யின் ஆர்.எக்ஸ் 6600-க்கும் 8. இவற்றை 3.0 போர்டில் போட்டால் பெரும்பாலான கேம்களில் இழப்பு கொஞ்சம்தான், கவலை இல்லை. ஆனால் 2022-ல் வந்த ஆர்.எக்ஸ் 6500 எக்ஸ்.டி-க்கும், அதன் தம்பி ஆர்.எக்ஸ் 6400-க்கும் வெறும் 4 லேன். 4.0 போர்டில் நொடிக்கு 8 ஜி.பி போகும் வழி, 3.0 போர்டில் 4 ஜி.பி-யாகச் சுருங்கிவிடும். கார்டில் இருக்கும் மெமரியும் பொதுவாக 4 ஜி.பி-தான். அது நிரம்பினால் ஓடி ஓடி ரேமிலிருந்து எடுத்துவர வேண்டும், ரோடோ பாதியாகிவிட்டது. கேம் திக்கித் திக்கி ஓடும். கொடுமை என்னன்னா, பழைய போர்டு வைத்திருப்பவர்கள்தான் இந்த பட்ஜெட் கார்டைத் தேடி வாங்குவார்கள். வீடியோ எடிட் செய்பவர்களுக்கு இன்னொரு குறையும் உண்டு. இந்த இரண்டிலும் வீடியோவை எக்ஸ்போர்ட் செய்ய உதவும் ஹார்டுவேர் என்கோடரே கிடையாது.

போர்டு டப்பாவில் 4.0 என்று எழுதியிருந்தாலும் அதை அப்படியே நம்பிவிட முடியாது. அந்த லேன்கள் ப்ராசஸரிலிருந்துதான் வருகின்றன. பி550 போர்டு 4.0 தரும். ஆனால் அதில் ரைசன் 5 5600ஜி போட்டிருந்தால் கிடைப்பது 3.0-தான். அதைவிடப் பழைய 3400ஜி-யில் கார்டுக்கு 8 லேன் மட்டும். புது ரகத்தில் 8500ஜி வாங்கியவர்களுக்கு இன்னும் மோசம், வெறும் 4 லேன். இன்டெல் பக்கம் 10-வது தலைமுறை வரை 3.0, 11-லிருந்துதான் 4.0. தனி கார்டு இல்லாமல் ஓட்டலாம் என்று 'ஜி' ப்ராசஸர் வாங்கி, ஒரு வருடம் கழித்து கார்டு சேர்க்கலாம் என்று திட்டம் போட்டிருப்பவர்கள் நிறைய. அவர்கள் கண்டிப்பாக இதைப் பார்க்க வேண்டும்.

பீரோ மாடிப்படியில் மாட்டிய கதை

ஆசையாக பீரோ வாங்கி, அது மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நின்ற கதை எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் அதிகம் நடப்பது அதுதான்.

பார்க்க வேண்டியது மூன்று அளவு. முதலில் நீளம். கேபினட்டின் பின்பக்கத் தகட்டிலிருந்து, முன்பக்கம் முதலில் என்ன இடிக்குமோ அதுவரை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஹார்டுடிஸ்க் கூடு இருக்கலாம், முன்பக்க ஃபேன் இருக்கலாம். கேபினட் கம்பெனி '330 மி.மீ கார்டு நுழையும்' என்று போட்டிருந்தாலும், சில சமயம் அது முன்னால் ஃபேன் இல்லாத கணக்கு. சாதாரண ஃபேன் 25 மி.மீ தடிமன். அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

ஒரே பெயருள்ள கார்டு எல்லாமே ஒரே அளவு கிடையாது. ஆர்.டி.எக்ஸ் 4060-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றை ஃபேன் வைத்தது ஒரு ஜாண்கூட இருக்காது. அதே சிப், அதே பெயர், மூன்று ஃபேன் வைத்தது 30 செ.மீ-யைத் தொடும், சில தாண்டும். ஸ்பீடில் பெரிய வித்தியாசம் இல்லை. பெரியது கொஞ்சம் சத்தம் குறைவாக, கூலாக ஓடும். எனவே '4060 நுழையுமா' என்று தேடிப் பயனில்லை. எந்த கம்பெனியின் எந்த மாடல் என்பதை முழுப்பெயராகப் பார்த்து, அதன் அளவைத் தயாரிப்பாளர் பக்கத்தில் எடுங்கள்.

இரண்டாவது தடிமன். பின்பக்கத்தில் வரிசையாக இருக்கும் ஒவ்வொரு தகட்டு இடமும் சுமார் 2 செ.மீ. 'இரண்டு ஸ்லாட்' கார்டு என்றால் 4 செ.மீ. '2.5 ஸ்லாட்' என்று போட்டிருந்தால், பக்கத்து இடத்தைப் பொறுத்தவரை அது மூன்றுதான். கீழே வைஃபை கார்டோ, கேப்சர் கார்டோ போட்டிருந்தால் அதைக் கழற்ற வேண்டியிருக்கும். போர்டின் ஓரத்தில் இருக்கும் சாட்டா போர்ட்களை கார்டு மூடிவிடுகிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவது உயரம். பலரும் மறப்பது இதைத்தான். ஆபீஸ்களில் பயன்படுத்தி, மாற்றிவிட்ட டெஸ்க்டாப்கள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன இல்லையா? அவற்றில் பாதி 'ஸ்மால் ஃபார்ம் ஃபேக்டர்' எனப்படும் ஒல்லிப் பெட்டிகள். சாதாரண கார்டின் பின்பக்க இரும்புத் தகடு சுமார் 12 செ.மீ. ஒல்லிப் பெட்டியில் சுமார் 8 செ.மீ தகடுதான் நுழையும். 'லோ ப்ரொஃபைல்' என்று தனியாக விற்கும் கார்டுதான் அதற்கு வேண்டும். இதிலும் ஒரு பொடி விஷயம். பல லோ ப்ரொஃபைல் கார்டுகளில் பெரிய தகடு மாட்டியிருக்கும், குட்டித் தகடு டப்பாவுக்குள் தனியாகக் கிடக்கும். பழைய கார்டு வாங்கும்போது அந்தக் குட்டித் தகடு தொலைந்துபோயிருக்கும். கேட்டு வாங்குங்கள்.

சில ஒல்லிப் பெட்டிகளில் நீளமான ஸ்லாட், எஸ்.எம்.பி.எஸ்-ஐ ஒட்டியே இருக்கும். அங்கே ஒற்றை ஸ்லாட் கார்டு மட்டும்தான், இரண்டு ஸ்லாட் கார்டு இடிக்கும். இன்னும் குட்டியாக, மானிட்டருக்குப் பின்னால் மாட்டும் அளவில் வரும் பெட்டிகளில் ஸ்லாட்டே கிடையாது.

சந்தேகமாக இருந்தால் ஒரு எளிய வழி. கார்டின் நீளம், உயரம், தடிமன் மூன்றையும் குறித்துக்கொண்டு, பழைய அட்டைப்பெட்டியை அந்த அளவுக்கு வெட்டி ஒட்டி, ஸ்லாட் இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். கதவையும் மூடிப் பாருங்கள். பவர் ஒயர் கார்டின் விளிம்பிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு வளையும், அதற்கு மூன்று, நாலு செ.மீ கூடுதலாக விடுங்கள். சின்னப் பசங்க விளையாட்டு மாதிரி இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

450 வாட் என்றால் 450 வாட்டா?

ஸ்லாட் வழியாக ஒரு கார்டு அதிகபட்சம் 75 வாட் எடுக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்.எம்.பி.எஸ்-லிருந்து நேரடியாக ஒயர் வர வேண்டும். 6 பின் கனெக்டர் இன்னொரு 75 வாட் தரும். 8 பின் 150 வாட். புது ரக 16 பின் கனெக்டர் 600 வாட் வரை. கார்டின் தலையில் எந்த ஓட்டை இருக்கிறது, உங்கள் எஸ்.எம்.பி.எஸ்-ல் அதே ஒயர் தொங்குகிறதா என்று முதலில் பாருங்கள். ப்ராசஸருக்குப் போகும் 8 பின் ஒயரும் பார்க்கக் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். ஆனால் அதில் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். அது நாலும் நாலுமாகப் பிரியும், கார்டுக்கானது ஆறும் இரண்டுமாகப் பிரியும். தப்பானதை அழுத்திச் சொருகினால் கார்டு காலி.

அப்புறம் வாட் கணக்கு. கேபினட்டோடு சேர்த்துக் கொடுக்கும் மலிவான எஸ்.எம்.பி.எஸ் பலவற்றின் மேல் '450' என்று பெரிதாக இருக்கும். அதைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் '+12வி' என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றால் 216 வாட். கார்டும் ப்ராசஸரும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். மீதி வாட் எல்லாம் அவற்றுக்கு உதவாத கணக்கு. 12வி1, 12வி2 என்று இரண்டு கட்டம் இருந்தால் இரண்டையும் கூட்டக் கூடாது. அதற்குக் கீழே மொத்த வாட் என்று தனியாக இருக்கும், அதை எடுங்கள். அந்த எண்ணுக்குள் ப்ராசஸரின் வாட்டும் கார்டின் வாட்டும் சேர்த்து, நல்ல இடைவெளியோடு அடங்க வேண்டும். கார்டு கம்பெனி பரிந்துரைக்கும் எஸ்.எம்.பி.எஸ் அளவு கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். தரம் தெரியாத எஸ்.எம்.பி.எஸ்-களையும் மனதில் வைத்துச் சொல்வது அது. இந்த ஊர் வெயிலுக்கும் வோல்டேஜுக்கும், அந்த அளவைப் பின்பற்றுவதே நல்லது.

"6 பின் ஒயர் இல்லையா, இந்தா கன்வெர்ட்டர், போட்டுக்கோ" என்று சில நூறு ரூபாய்க்கு ஒன்று கிடைக்கும். சாட்டா ஒயரிலிருந்து 6 பின்னுக்கு, இன்னும் துணிச்சலாக 8 பின்னுக்கு மாற்றும் அடாப்டர். சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் தாங்கும். மொத்தம் 54 வாட். அதை வைத்து 150 வாட் கேட்கும் கார்டை ஓட்டினால் என்ன ஆகும்? முதல் நாள் ஒன்றும் ஆகாது. பி.சி நன்றாகவே ஓடும். ஒரு மாதம் கழித்து, இரண்டு மணி நேரம் கேம் விளையாடும்போது பிளாஸ்டிக் வாடை வரும். தயவுசெய்து வேண்டாம்.

இன்னொரு ஆபத்து, வேறு எஸ்.எம்.பி.எஸ்-ன் ஒயரை எடுத்து மாட்டுவது. கழற்றி மாட்டும் மாடுலர் வகைகளில், கார்டு பக்க முனை ஒரே மாதிரிதான். ஆனால் எஸ்.எம்.பி.எஸ் பக்க முனையில் எந்த பின்னில் என்ன வரும் என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. நண்பன் வீட்டில் சும்மா கிடந்த ஒயர் உங்கள் எஸ்.எம்.பி.எஸ்-ல் அழகாக நுழையும், ஆன் செய்தால் புகையும் வரலாம்.

16 பின் கனெக்டர் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2022 அக்டோபரில் ஆர்.டி.எக்ஸ் 4090 வந்த சில வாரங்களிலேயே, உருகிப்போன கனெக்டர் படங்கள் வலம்வர ஆரம்பித்தன. முழுசாக உள்ளே போகும்வரை சொருகாததைத்தான் என்விடியா காரணமாகச் சொன்னது. பிறகு அந்த கனெக்டரின் வடிவமே திருத்தப்பட்டது. அரைகுறையாகச் சொருகாதீர்கள், முனையிலேயே ஒயரை மடக்காதீர்கள்.

கம்பெனி டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு "எஸ்.எம்.பி.எஸ்-ஐ மாற்றிக்கலாமே" என்ற வழியும் பெரும்பாலும் கிடையாது. கடையில் விற்கும் எஸ்.எம்.பி.எஸ்-ல் 24 பின் ஒயர் இருக்கும். இந்த மெஷின்கள் பலவற்றின் போர்டில் வேறு மாதிரி பின் இருக்கும், பெட்டியின் வடிவமும் வேறு. அவர்களுக்கு இருக்கும் ஒரே நல்ல வழி, ஒயரே கேட்காத கார்டு.

ஒரு ஆபீஸ் பெட்டிக்குக் கணக்குப் போடுவோம்

கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒரு தம்பி, செகண்ட் ஹேண்டில் டெல் ஆப்டிபிளக்ஸ் 7010, ஸ்மால் ஃபார்ம் ஃபேக்டர் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஐ5 3470 ப்ராசஸர். 'ஆர்.டி.எக்ஸ் 3050 போடலாமா' என்பது கேள்வி.

நீள ஸ்லாட் இருக்கிறது, 3.0 வேகம் கிடைக்கும். போர்டு ஓகே. எஸ்.எம்.பி.எஸ் 240 வாட். கார்டுக்கான 6 பின், 8 பின் ஒயர் எதுவும் இல்லை. பெட்டியில் லோ ப்ரொஃபைல்தான் நுழையும். இப்போது 3050-ஐப் பாருங்கள். அதே பெயரில் இரண்டு இருக்கின்றன. 8 ஜி.பி உள்ளது 130 வாட், தனி ஒயர் கேட்கும். 2024-ல் வந்த 6 ஜி.பி உள்ளது 70 வாட், ஒயர் இல்லாமலேயே ஓடும். லோ ப்ரொஃபைல் வடிவத்திலும் கிடைக்கிறது. பெயரில் ஒரு எண்தான் வித்தியாசம், ஆனால் ஒன்று ஓடும், இன்னொன்று ஓடவே ஓடாது. ப்ராசஸர் 77 வாட், கார்டு 70, டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்தாலும் 240-க்குள் வசதியாக அடங்கும். மிச்சம் இருப்பது நீளமும் தடிமனும், ஸ்கேலை எடுத்து அளக்க வேண்டியதுதான். இன்னொன்று, சில ஒல்லிப் பெட்டிகளில் ஸ்லாட்டுக்கு 75 வாட்டுக்கும் குறைவான வரம்பை மேனுவலிலேயே போட்டிருப்பார்கள். மாடல் பெயரைப் போட்டு மேனுவலை டவுன்லோடு செய்து அந்தப் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

ஒயர் கேட்காத கும்பலில் வேறு யார்? 30 வாட் ஜி.டி 1030, 53 வாட் ஆர்.எக்ஸ் 6400, 75 வாட் ஜி.டி.எக்ஸ் 1650-ல் சில மாடல்கள். ஆமாம், சில மாடல்கள்தான். 1650-லேயே 6 பின் கேட்பவையும் உண்டு, போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். 6400-ன் 4 லேன் பிரச்னை மேலே சொன்னதுதான். ஜி.டி 1030 தலைமுறைக்குப் புது கேம் டிரைவர்களை நிறுத்துவதாக என்விடியா 2025-லேயே அறிவித்துவிட்டது, அதனால் இன்று காசு போட்டு வாங்கும் அளவுக்கு அதில் எதுவும் இல்லை. என் ஓட்டு, இந்த மாதிரி பெட்டிக்கு 6 ஜி.பி 3050 அல்லது ஒயர் கேட்காத 1650. இதற்கு மேல் பெரிய கார்டு மேல் ஆசை வந்தால், அந்தக் காசைப் பெட்டியை மாற்றுவதில் போடுங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய ப்ராசஸர் அதற்கு ஈடுகொடுக்காது.

கறுப்பு ஸ்கிரீன் வந்தால்?

முதல் சந்தேகம் எப்போதும் ஒயர் மேல்தான். மானிட்டர் ஒயரை, பழக்கதோஷத்தில் போர்டில் இருக்கும் போர்ட்டிலேயே மாட்டியிருப்போம். புது கார்டின் போர்ட்டில் மாட்ட வேண்டும். ஆனால் புது கார்டுகளில் வி.ஜி.ஏ கிடையாது, ஹெச்.டி.எம்.ஐ-யும் டிஸ்ப்ளே போர்ட்டும்தான். வீட்டில் இருப்பது நீல நிற வி.ஜி.ஏ ஒயர் மானிட்டர் என்றால், ஹெச்.டி.எம்.ஐ-லிருந்து வி.ஜி.ஏ-வுக்கு மாற்றும் கன்வெர்ட்டரை கார்டோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

அடுத்தது பயாஸ். நாம் எடுத்த போட்டோவில் 'பயாஸ் மோட்' என்ற வரி 'யு.இ.எஃப்.ஐ' என்று இருந்தால் நிம்மதி. 'லெகசி' என்று இருந்தால், போர்டு ரொம்பப் பழசா, இல்லை செட்டிங் மட்டும் அப்படியா என்று பார்க்க வேண்டும். ரொம்பப் பழைய போர்டுகளில் சில புது கார்டுகள் படமே காட்டாது. போர்டு கம்பெனியின் பக்கத்தில் புது பயாஸ் இருந்தால், கார்டு வாங்கும் முன்பே, பழைய டிஸ்ப்ளே ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்டேட் செய்துவிடுங்கள். அப்டேட் நடுவில் கரன்ட் போனால் போர்டே போய்விடும். யு.பி.எஸ் இல்லாத வீட்டில், மழை நாளில் அந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.

இன்டெல் ஆர்க் கார்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று பார்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 'ரீசைஸபிள் பார்' என்ற வசதி பயாஸில் ஆன் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் வேகம் படுத்துவிடும். இன்டெல் ப்ராசஸர் என்றால் 10-வது தலைமுறையும் அதற்குப் பிறகும் வேண்டும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. பழைய ஆபீஸ் பெட்டிக்கு அது சரிப்படாது.

கடைக்குப் போகும்போது...

நாலு போட்டோ போதும். சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திரை, திறந்த பெட்டியின் உள்பக்கம், எஸ்.எம்.பி.எஸ் ஸ்டிக்கர், ஸ்கேல் வைத்து அளந்த இடம். இதைக் காட்டிக் கேட்டால் கடைக்காரரின் பதிலே மாறும். "செட் ஆகலைன்னா எத்தனை நாளுக்குள்ள மாத்தித் தருவீங்க?" என்பதைப் பணம் கொடுக்கும் முன்பு கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். ஆன்லைனில் வாங்கினால் ரீஃபண்டா, ரீப்ளேஸ்மென்ட் மட்டுமா என்று பாருங்கள். அளவு பொருந்தாத கார்டுக்கு, அதே கார்டை இன்னொரு முறை அனுப்பி என்ன பிரயோஜனம்? செகண்ட் ஹேண்ட் என்றால் கடையிலேயே மாட்டி, கால் மணி நேரமாவது ஏதாவது கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

வீட்டில் மாட்டும்போது பவர் ஒயரைக் கழற்றிவிட்டு, கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பின்பக்கத் தகட்டைக் கழற்றி, கார்டை நேராக அழுத்தினால் ஸ்லாட்டின் லாக் 'டிக்' என்று சத்தம் போடும். ஸ்க்ரூவை முடுக்கி, பவர் ஒயர் இருந்தால் அதையும் மாட்டி ஆன் செய்யுங்கள். டிரைவர் போட்ட பிறகு 'ஜி.பி.யு-இசட்' என்ற இலவச சாஃப்ட்வேரைத் திறந்தால், 'பஸ் இன்டர்ஃபேஸ்' என்ற கட்டத்தில் எத்தனை லேன், எந்தத் தலைமுறை என்று காட்டும். கார்டு சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சப்படுத்த 1.1 என்று காட்டும், பதற வேண்டாம். பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியைத் தட்டி டெஸ்ட்டை ஓட்டினால் உண்மையான எண்ணுக்கு ஏறும். 8 லேன் கார்டுக்கு அப்போதும் 4 என்று காட்டினால், ஆஃப் செய்துவிட்டு, மேல் ஸ்லாட்டில்தான் மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஸ்லாட் சரியென்றால், உங்கள் ப்ராசஸர் எத்தனை லேன் தருகிறது என்று சரிபார்த்துவிட்டு, கார்டை ஒருமுறை கழற்றித் திரும்ப மாட்டுங்கள்.